வேலை பார்த்துக்கொண்டே டிஸபிலிட்டி பணம் கேட்கலாமா? முதலில் ராஜினாமா கடிதத்தைத் தள்ளி வையுங்கள்

கேள்வி கேட்ட சகோதரி தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். கணவருக்கு 46 வயது. சர்க்கரை நோய் முற்றி இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு கிடங்கில் ஸ்டாக் சூப்பர்வைசர், சம்பளம் 19,000 ராண்டு. இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். போன வாரம் எச்ஆர் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா பண்ணிட்டா ஃபண்ட் பணம் கைக்கு வந்துடும், அப்புறம் சாசாவில் கிராண்ட் வாங்கிக்கலாம்" என்றார்களாம். (சாசா என்பது அரசின் சமூக உதவித்தொகை நிறுவனம், கிராண்ட் அது தரும் மாத உதவி.) வேலையில் இருக்கும்போதே ஏதாவது கேட்க முடியுமா, இல்லை வேலையை விட்டால்தான் கிடைக்குமா என்று கேட்கிறார்.

தங்கச்சி, தாராளமாகக் கேட்கலாம். சொல்லப்போனால் சில விஷயங்களை வேலையில் இருக்கும்போது மட்டும்தான் கேட்க முடியும். அதனால் மற்றதுக்குப் போகும் முன் ஒன்று: உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். எச்ஆரில் இருப்பவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, பாவம், அவருக்கே இதெல்லாம் தெரியாமல் இருக்கலாம். நான் பல வருடம் ஆலையில் ஷாப் ஸ்டூவர்டாகவும் (தொழிற்சங்கப் பிரதிநிதி) பிறகு பிராவிடன்ட் ஃபண்டில் டிரஸ்டியாகவும் இருந்தவன். நோயாளிக் குடும்பத்துக்கு அந்த ஒரு பக்கக் கடிதத்தால் வரும் நஷ்டத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஏன் என்று கணக்காகவே பார்த்துவிடலாம். ராஜினாமா செய்து ஃபண்டிலிருந்து ரொக்கமாக எடுக்கும் பணத்தில் முதல் 27,500 ராண்டுக்குத்தான் வரி கிடையாது. அதற்கு மேல் 18 சதவீதத்தில் வரி தொடங்குகிறது. அதே பணத்தை, "இவரால் இனி நிரந்தரமாக வேலை செய்ய முடியாது" என்று ஃபண்ட் ஏற்றுக்கொண்டு, நோய் காரணமான ஓய்வாக எடுத்தால் வாழ்நாள் மொத்தத்தில் முதல் 5,50,000 ராண்டுக்கு வரி இல்லை. ரொக்கமாக வருவது 3,00,000 ராண்டு என்று வையுங்கள். ராஜினாமாவில் 49,050 ராண்டு வரிக்குப் போகும். நோய் ஓய்வில், முன்பு இப்படி எதுவும் எடுக்காதவர் என்றால், ஒரு சென்ட் போகாது. அது மட்டுமா? 2024 செப்டம்பர் 1 முதல் வந்த 'டூ-பாட்' முறையில், அந்தத் தேதிக்குப் பிறகு சேர்ந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை ராஜினாமா செய்தாலும் தொட முடியாது. ஆகவே "பணம் கைக்கு வந்துடும்" என்று எச்ஆர் சொன்னது பாதிதான் உண்மை. அவசரச் செலவு என்றால் மீதி ஒரு பங்கான சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 2,000 ராண்டு, வேலையில் இருந்துகொண்டே எடுக்கலாம். வருமான வரி விகிதத்தில் பிடித்தம் இருக்கும், அதனால் மிகவும் தேவைப்பட்டால் மட்டும்.

இன்னொன்று, உங்கள் விஷயத்தில் இதுதான் உயிர்நாடி: மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவச் செலவை ஏற்கும் தனியார் மெடிக்கல் ஸ்கீம். டர்பன்காரர்களுக்குத் தியாகராஜ் சுப்ரமணி என்ற பெயர் நினைவிருக்கலாம். நீதிமன்றப் பதிவில் 'சூப்ரமனி' என்று இருக்கும். 41 வயது, சர்க்கரை நோயாளி, சிறுநீரகம் போனவர். தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார், கையில் இருந்த பணம் தீர்ந்துபோனது. அரசு மருத்துவமனையில் இடம் கேட்டபோது, இருக்கும் சில இயந்திரங்கள் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவர்களுக்குத்தான் என்றார்கள். அவருக்கு இதய நோயும் இருந்ததால் தகுதி இல்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 1997 நவம்பரில் அங்கேயும் தோற்றார், விரைவிலேயே இறந்தும் போனார். அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இடம் இன்றைக்கும் குறைவுதான், இன்றைக்கும் ஆளைத் தேர்ந்தெடுத்துத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே கம்பெனி வழியாக வரும் மெடிக்கல் எய்ட் அறுந்துபோகாமல் பார்ப்பது எந்த கிராண்டையும்விட முக்கியம். நாள்பட்ட சிறுநீரக நோய், எல்லா மெடிக்கல் ஸ்கீமும் கட்டாயம் ஏற்க வேண்டிய குறைந்தபட்சப் பட்டியலில் இருக்கிறது. 1998-ன் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வயதாலோ, நோயாலோ, உடல் குறையாலோ முதலாளி வேலையை முடித்தால் அந்த உறுப்பினரும் குடும்பமும் தொடர்ந்து உறுப்பினராக இருக்கலாம், சந்தாவைத் தாங்களே கட்டிக்கொண்டு. "நோயால் வேலை முடிந்தது" என்று முதலாளியின் கடிதம் சொல்வதற்கும், "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று இவர் எழுதிக்கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் உறைக்கும்.

சரி, இனி எங்கெல்லாம் கேட்கலாம் என்று பார்ப்போம். நோய் ஒன்றுதான், தட்ட வேண்டிய கதவுகள் பல. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் வேறு கேள்வி கேட்பார்கள். சாசா, "பிழைப்புக்கு வேலை தேடிச் சம்பாதிக்க முடியுமா?" என்று கேட்கும். இன்சூரன்ஸ்காரர், "உங்கள் வேலையை உங்களால் செய்ய முடியுமா?" என்பார். யூஐஎஃப் (வேலையிழப்பு, நோய்க் காலத்துக்கான அரசின் காப்பீட்டு நிதி), "எத்தனை நாளாகச் சம்பளம் இல்லை?" என்று பார்க்கும். வருமான வரிக்காரர் சார்ஸுக்கோ வேலை ஒரு பொருட்டே இல்லை, உடலில் எந்த அளவு குறை, ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்குமா என்பதுதான் வேண்டும். ஓரிடத்தில் 'இல்லை' என்றார்கள் என்பதற்காக மற்ற இடங்களை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

முதலில் கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ். வீட்டுக்காரரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிராவிடன்ட் ஃபண்டுக்குக் கீழே 'ரிஸ்க்', 'பிஎச்ஐ', 'டிஸபிலிட்டி' என்று ஏதாவது ஒரு வரி இருக்கும். சில கம்பெனிகளில் முதலாளியே கட்டுவதால் சீட்டில் தெரியாது. இருக்கிறதா என்று வாயால் கேட்க வேண்டாம், ஈமெயிலில் கேளுங்கள்: ஃபண்ட் விதிகள், உறுப்பினர் சான்றிதழ், டிஸபிலிட்டி பாலிசியின் சுருக்கம் மூன்றும் வேண்டும் என்று. உறுப்பினர் விதிகளைக் கேட்டால் ஃபண்ட் கொடுத்தாக வேண்டும்.

வந்ததும் ஒரே ஒரு பக்கத்தைத் தேடுங்கள், 'டிஸபிலிட்டி' என்றால் என்ன என்று அவர்கள் வரையறுத்திருக்கும் பக்கம். 'சொந்த வேலை' என்று இருந்தால் நல்லது: ஸ்டாக் சூப்பர்வைசராக இவர் செய்யும் முக்கியமான வேலைகளைச் செய்ய முடியவில்லை என்று காட்டினால் போதும். 'சொந்த வேலை அல்லது படிப்பு, அனுபவத்துக்கு ஏற்ற வேறு வேலை' என்று இருந்தால் கொஞ்சம் கடினம், உட்கார்ந்து பார்க்கும் வேலை முடியுமே என்பார்கள். 'எந்த வேலையும்' என்று இருந்தால் நடந்துவரும் ஆளுக்குக் கிடைப்பது அபூர்வம். பல பாலிசிகள் முதல் 24 மாதம் சொந்த வேலை, அதற்குப் பிறகு ஏற்ற வேறு வேலை என்று கலந்து வைத்திருக்கும். மாதாமாதம் வருவது வழக்கமாகச் சம்பளத்தில் 75 சதவீதம், மூன்று அல்லது ஆறு மாதம் காத்திருப்புக்குப் பிறகு. 2015 மார்ச் 1 முதல் இந்த மாதப் பணத்துக்கு வருமான வரி கிடையாது. ஆகவே கையில் வரும் தொகை, பழைய சம்பளத்தில் பிடித்தம் போகக் கிடைத்ததற்குக் கிட்டத்தில் இருக்கும்.

"அவர்தான் வேலைக்குப் போகிறாரே, எப்படிக் கொடுப்பார்கள்?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பல பாலிசிகளில் பகுதிப் பலன் என்று ஒன்று உண்டு. நோயால் நேரம் குறைந்து, சம்பளமும் குறைந்தால், குறைந்த அளவுக்கு ஏற்பக் கொடுப்பார்கள். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. கம்பெனி நல்லெண்ணத்தோடு, "சரி, பாதி நாள் வாங்க, பாதிச் சம்பளம்" என்று ஒரு தாளை நீட்டும். நீங்களும் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போடுவீர்கள். ஆறு மாதம் கழித்து முழுதாக முடியாமல் போய் விண்ணப்பித்தால், 75 சதவீதத்தைக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில், அதாவது 9,500-ல் போடுவார்கள். 14,250 வர வேண்டிய இடத்தில் 7,125. இது 60, 65 வயது வரை தொடரும் தொகை, நினைத்துப் பாருங்கள். அதனால் நேரத்தைக் குறைப்பதற்கு முன்னால், குறைப்பு நோயால்தான் என்று இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குக் கம்பெனி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பலன் எந்தச் சம்பளத்தில் கணக்கிடப்படும் என்ற பதிலும் எழுத்தில் வர வேண்டும். அதுவரை அந்தத் தாளில் பேனா வைக்காதீர்கள். அறிவிப்புக்குக் காலக்கெடுவும் உண்டு, சில பாலிசிகளில் மூன்று மாதம், சிலவற்றில் ஆறு. இன்னும் சமாளிக்கலாம் என்று இழுத்துக்கொண்டே போய்க் கெடு தாண்டுபவர்கள் உண்டு. தெரிவித்து வைப்பதால் வேலை போய்விடாது.

இனி டாக்டர் கடிதம். பாதி விண்ணப்பங்கள் தோற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன். வழக்கமாக வரும் கடிதம் இப்படி இருக்கும்: "மேற்படி நபர் சிறுநீரகச் செயலிழப்பால் டயாலிசிஸ் பெற்று வருகிறார். தயவுசெய்து உதவவும்." இதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் தீர்மானிக்க முடியாது. டயாலிசிஸ் செய்துகொண்டே முழு நேரம் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது நோயின் பெயருக்கும் கிடங்கு வேலைக்கும் நடுவில் இருக்கும் சங்கிலி. டாக்டரிடம் வேலை விவரத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். நல்ல கடிதம் இப்படிப் போகும்: "இவர் திங்கள், புதன், வெள்ளி நான்கு மணி நேரம் டயாலிசிஸில் இருக்கிறார். முடிந்த பிறகு ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வருகிறது, அன்றைய மீதிப் பொழுதில் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் தளத்தில் நிற்பது பாதுகாப்பானதல்ல. இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருப்பதால் அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது. இவர் வேலையில் ஏணியில் ஏறிப் பெட்டிகளை எண்ணுவதும் நகர்த்துவதும் அன்றாடம் இருக்கிறது. இந்த நிலை 12 மாதத்துக்கு மேல் நீடிக்கும். கணினியில் இருப்புப் பதிவு போன்ற உட்கார்ந்த வேலையை, டயாலிசிஸ் இல்லாத நாட்களில் செய்ய முடியும்." கடைசி வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எது முடியும் என்று சொல்லும் கடிதத்தைத்தான், எது முடியாது என்று சொல்லும்போதும் நம்புவார்கள்.

கூடவே நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரிய விஷயம் வேண்டாம். "புதன்: மூன்று மணிக்கு வந்தார், கால் தசை பிடித்துக்கொண்டது, சாப்பிடாமல் படுத்தார், ஏழு மணிக்குத்தான் எழுந்தார். வியாழன்: வேலைக்குப் போனார், மாடிப்படியில் இரண்டு முறை நின்றார், சக ஆள்தான் மேல் ரேக்கை எண்ணினார்." இப்படி ஆறு வாரம் எழுதினால், ஆக்குபேஷனல் தெரபிஸ்டு (வேலை செய்யும் திறனைச் சோதிப்பவர்) மதிப்பீட்டுக்குக் கூப்பிடும்போது அந்த நோட்டே பேசும். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதே, டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்றதும் "முருகன் புண்ணியத்தில் நல்லா இருக்கேன் டாக்டர்" என்போம். மரியாதைக்காகச் சொல்வதுதான். டாக்டர் ஃபைலில் "நோயாளி நலமாக உணர்கிறார்" என்று எழுதிவிடுவார், பிறகு அந்த ஒரு வரியை எடுத்துக் காட்டித்தான் மறுப்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தைப்பூசத்துக்குத் தோளில் காவடியோடு எடுத்த பழைய படத்தை இந்த வருடம் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு, பாரம் தூக்க முடியாது என்று விண்ணப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் அதையும் பார்க்கிறார்கள்.

கம்பெனிக்கு என்ன கடமை என்று பார்க்கலாம். வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், 1998-ன் 55-ஆம் சட்டம், நீண்ட நாள் உடல் குறை உள்ள தொழிலாளிக்கு நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது. முதலாளிக்குத் தாங்க முடியாத சிரமம் என்றால் மட்டும்தான் விலக்கு, அந்தச் சிரமத்தை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வசதி என்னவாக இருக்கலாம்? டயாலிசிஸ் நாட்களில் முன்கூட்டிப் போக அனுமதி, மற்ற நாட்களில் அதை ஈடுகட்டுவது, தளத்திலிருந்து ஸ்டாக் அலுவலகத்துக்கு மாற்றம், ஏணி வேலை இல்லாமை. அவ்வளவுதான், கம்பெனி கவிழ்ந்துவிடாது. வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு கடிதமாகக் கொடுங்கள். தெரிவிக்காத நோய்க்கு வசதி செய்யவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்பெனியில் இஇஏ1 என்ற படிவம் இருக்கும், தனக்கு உடல் குறை இருக்கிறது என்று தொழிலாளி தானே அறிவிப்பது. அதை நிரப்பிக் கொடுங்கள். உடல் குறை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று பெரிய கம்பெனிகள் வருடாவருடம் அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் இவர் பெயர் ஏறிவிட்டால், அனுப்பிவிடும் அவசரம் எச்ஆருக்கே கொஞ்சம் குறையும்.

கடைசியில் வேலையே முடியாது என்ற நிலை வந்தாலும் அதற்கு முறை உண்டு. நம்மூரில் "போர்டு பண்ணிட்டாங்க" என்று சொல்கிறோமே, அதாவது உடல்நிலை காரணமாக வேலையை முடிப்பது, அது ஒரே நாளில் நடப்பதல்ல. உடல்நிலை எந்த அளவு, எவ்வளவு நாள் நீடிக்கும், வேலையை மாற்றி அமைக்க முடியுமா, வேறு வேலை இருக்கிறதா என்று விசாரித்து, இவர் தரப்பையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். விசாரணைக்கு ஷாப் ஸ்டூவர்டையோ சக தொழிலாளியையோ துணைக்குக் கூட்டிப் போகலாம். இதெல்லாம் இல்லாமல் நீக்கினால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏவில் (தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) புகார் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. உடல் குறைக்காகவே நீக்கினார்கள் என்று நிரூபணமானால் 24 மாதச் சம்பளம் வரை நஷ்டஈடு விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதுவே ராஜினாமா என்றால், "என்னை நிர்ப்பந்தித்தார்கள்" என்று நிரூபிக்கும் சுமை முழுக்க இவர் தலையில் விழும். 'பரஸ்பர ஒப்பந்தம்' என்று அழகான பெயரோடு வரும் தாளும் இதே ரகம்தான், வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வரச் சொல்லுங்கள்.

விடுப்பு விஷயத்தில் பலர் கோட்டைவிடுகிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் சட்டப்படி மூன்று வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முழு நாள் எடுத்தால் பத்து வாரத்தில் காலி, அரை அரை நாளாக எடுத்தாலும் இருபது வாரம்தான். பிறகு காய்ச்சல் வந்தால், ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டால் எடுக்க நாள் இருக்காது. அதனால் டயாலிசிஸ் நேரத்தை நேரமாற்றத்தில் சமாளித்து, நோய் விடுப்பை ஆஸ்பத்திரியில் படுக்கும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் மையத்தில் அதிகாலை ஷிஃப்டோ மாலை ஷிஃப்டோ காலியாகிறதா என்று சிஸ்டரிடம் கேட்டு வையுங்கள், காத்திருப்போர் பட்டியலில் பெயராவது ஏறட்டும்.

சம்பள விடுப்பு தீர்ந்து, ஏழு நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாமல் போனால் யூஐஎஃப் நோய்ப் பணம் கேட்கலாம். இவ்வளவு வருடம் மாதம் ஒரு சதவீதம் பிடித்தார்களே, அதற்குத்தான். நான்கு நாள் வேலைக்கு ஒரு நாள் வரவு, அதிகபட்சம் 365 நாள். சம்பளத்தைப் பொறுத்து 60 முதல் 38 சதவீதம் வரை கிடைக்கும். 17,712 ராண்டுக்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் அந்த 17,712-ஐ வைத்துத்தான் கணக்கு, அதனால் உங்கள் வீட்டுக்காரருக்கு முழு மாதத்துக்கு சுமார் 6,730 ராண்டு வரும். கம்பெனி பாதிச் சம்பளம் கொடுத்தாலும் கேட்கலாம், இரண்டும் சேர்ந்து முழுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். யூஐ-2.2 படிவத்தில் டாக்டர் நிரப்பும் பகுதி இருக்கிறது, யூஐ-2.7-ஐக் கம்பெனி நிரப்ப வேண்டும். நோய்வாய்ப்பட்ட ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

சாசா கிராண்டைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கான டிஸபிலிட்டி கிராண்ட் 2025-ல் மாதம் 2,300 ராண்டைச் சுற்றி இருந்தது. வேலை பார்ப்பவர் வாங்கவே கூடாது என்று விதி இல்லை. ஆனால் வருமான வரம்பு உண்டு, அப்போது தனி ஆளுக்கு மாதம் எட்டு ஒன்பதாயிரம், தம்பதி என்றால் இருவர் வருமானமும் சேர்ந்து அதன் இரட்டிப்பு. 19,000 வாங்கும்வரை இவருக்குக் கிடைப்பது கடினம். வருமானம் வரம்புக்குள் வந்தாலும், பிழைப்புக்குத் தேவையானதைச் சம்பாதிக்க உடல் இடம் தரவில்லை என்று அரசு டாக்டரின் மதிப்பீடு சொல்ல வேண்டும். நாள்பட்ட நோய் என்ற பெயர் மட்டும் போதாது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நீடிக்கும் என்றால் தற்காலிக கிராண்ட், அதற்கு மேல் என்றால் நிரந்தரம். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். முடிவு வரத் தாமதமானாலும் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுக் கொடுப்பார்கள். மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். இதற்கெல்லாம் ஒரு சென்ட் கட்டணம் கிடையாது, வரிசையில் நிற்கும்போது "நான் முடிச்சுத் தர்றேன்" என்று வருபவனிடம் ஐடி கார்டைக் கொடுத்துவிடாதீர்கள். 19,000 சம்பளத்தையும் மெடிக்கல் எய்டையும் விட்டுவிட்டு 2,300-க்குப் போகச் சொன்ன யோசனை எப்பேர்ப்பட்டது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இந்தியாவிலிருந்து வேலை விசாவில் வந்திருக்கும் தம்பிமார் சிலரும் இதைப் படிக்கலாம். சாசா கிராண்ட் குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அங்கீகரிக்கப்பட்ட அகதிகளுக்கு மட்டும்தான். ஆனால் கம்பெனி இன்சூரன்ஸ், சிசிஎம்ஏ, நோய் விடுப்பு எல்லாம் விசாக்காரர்களுக்கும் உண்டு. யூஐஎஃப் பிடித்தமும் 2018 முதல் உங்கள் சம்பளத்தில் இருக்கிறது.

யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு இடம், கடன் கணக்குகள். கார், பர்னிச்சர் கடை, கிரெடிட் கார்டு என்று எதிலாவது மாதாமாதம் 'கிரெடிட் லைஃப்' (கடனுக்கான காப்பீடு) என்று பிடித்தால், 2017 ஆகஸ்டுக்குப் பிறகு எடுத்த கடன்களில் இறப்புக்கு மட்டுமில்லை, உடல் குறைக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும். நிரந்தரம் என்றால் மீதிக் கடன் முழுவதும், தற்காலிகம் என்றால் 12 மாதம் வரை தவணை. வீட்டுக் கடனில் தனியாக எடுத்த பாலிசி இருந்தால் அதையும் தூசி தட்டுங்கள். 'ட்ரெட் டிசீஸ்' (கடும் நோய்க்கான) பாலிசி எப்போதாவது எடுத்திருக்கிறாரா? அப்படியென்றால் உடனே பாருங்கள், டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு பெரும்பாலானவற்றில் இருக்கும். அது நோய் உறுதியானாலே கொடுப்பது, வேலைக்குப் போகிறாரா இல்லையா என்ற பேச்சே வராது.

வரியில் கிடைப்பதும் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் பயன். ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்கும், மிதமானது முதல் கடுமையானது வரையான குறை என்று டாக்டர் ஐடிஆர்-டிடி படிவத்தில் உறுதி செய்தால், மெடிக்கல் எய்ட் கொடுக்காத மருத்துவச் செலவிலும், குறை சார்ந்து சார்ஸ் பட்டியலில் உள்ள செலவுகளிலும் 33.3 சதவீதம் வரியில் கழியும். டாக்டர் கையெழுத்துப் போட மறுக்கவும் செய்யலாம், சிறுநீரக நோய் தானாக அந்த வரையறைக்குள் வந்துவிடாது. மருந்துக் கடை ரசீதுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

இன்சூரன்ஸ் மறுத்தால் என்ன செய்வது? முதலில் மறுப்புக்கான காரணத்தையும், அவர்கள் நம்பிய மருத்துவ அறிக்கைகளையும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்லும் புதிய அறிக்கையோடு மறுபரிசீலனை கேளுங்கள், பழைய கடிதத்தையே திரும்ப அனுப்பிப் பயனில்லை. பிறகும் மறுத்தால் 2024 மார்ச்சிலிருந்து எல்லா இன்சூரன்ஸ் புகார்களையும் ஒரே கூரைக்குக் கீழ் பார்க்கும் தேசிய நிதி ஆம்பட் (புகார் விசாரிக்கும்) அமைப்பு இருக்கிறது. ஃபண்ட் டிரஸ்டிகளின் முடிவில் தகராறு என்றால் பென்ஷன் ஃபண்ட்ஸ் அட்ஜுடிகேட்டர். இரண்டும் இலவசம்.

திங்கட்கிழமை எச்ஆருக்கு வீட்டுக்காரர் அனுப்ப வேண்டிய ஈமெயில் நான்கே வரிதான். நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை. எனக்கு நீண்ட நாள் உடல் குறை இருக்கிறது, வேலையில் இன்னின்ன மாற்றம் வேண்டும். ஃபண்ட் விதிகளும் டிஸபிலிட்டி பாலிசி விவரமும் அனுப்புங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு என் உடல்நிலையை இந்தத் தேதியில் தெரிவியுங்கள். நகலை ஷாப் ஸ்டூவர்டுக்கும் போடச் சொல்லுங்கள், கம்பெனி ஈமெயில் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம் என்பதால் சொந்த முகவரிக்கும் ஒன்று. விதிகள் கைக்கு வந்ததும் அந்த வரையறைப் பக்கத்தில் 'சொந்த வேலை' என்று இருக்கிறதா, 'எந்த வேலையும்' என்று இருக்கிறதா, காத்திருப்பு எத்தனை மாதம் என்று எழுதுங்கள். விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.